மூடும் கடையின் கடைசி விற்பனை: பார்த்தது, வாங்கியது, விசாரித்தது

திருச்சி கரூர் புறவழிச் சாலையில் இருபத்தாறு வருடம் நடந்த ஒரு பர்னிச்சர் கடை இந்த ஆண்டு மாசிக் கடைசியில் கதவை இழுத்துப் பூட்டிவிட்டது. இனி அந்தக் கடைக்கு மதிப்புரை எழுதிப் பயனில்லை, யாரும் அங்கே போய் ஒரு ஸ்டூல் கூட வாங்க முடியாது. நான் எழுத வந்தது, பூட்டுவதற்கு முன் அவர்கள் ஆறு வாரம் நடத்திய கடைசி விற்பனையைப் பற்றி. மூடும் கடைகளில் மலிவாக ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறவர்களுக்கு இது உதவும். நாளைக்குத் தன் கடையை மூட வேண்டிய நிலையில் இருக்கும் வியாபாரிக்கு இன்னும் அதிகமாக உதவும். பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார், போடவில்லை.

நான் திருநெல்வேலியில் ஒரு மரச்சாமான் கடையின் பில் மேசையில் வேலைக்குச் சேர்ந்து, கணக்கு எழுதி, கடைசிப் பத்து வருடம் கொள்முதலும் பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது மகன் வீட்டோடு திருச்சியில் இருக்கிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் பொருளைப் பார்ப்பதற்கு முன் விலைச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் இதில் வாங்கியவளின் கண்ணும் இருக்கும், விற்றவளின் கண்ணும் இருக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரப்பொருள்களுக்கும் விலை வைத்த விதத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. வீட்டில் கொண்டுவந்து இறக்கிய வேலைக்கு இரண்டரை. மெத்தைப் பிரிவுக்கு ஒன்று, அதுவும் அங்கே நின்ற பையனின் பொறுமைக்காக.

கடை மூடுகிறோம் என்று எழுதித் தொங்கவிட்டாலே நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்பாததில் நியாயமும் இருக்கிறது. ‘கடை காலி செய்கிறோம், கடைசி வாரம்’ என்ற துணிப் பலகை வெயிலில் வெளுத்துப்போய், அதே வாசகத்தைப் புதுத் துணியில் எழுதி மறுபடி கட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே மூடும் விற்பனையை நடத்துகிறவருக்கு முதல் வேலை, உண்மையாகவே மூடுகிறார் என்று ஊரை நம்பவைப்பது. இந்தக் கடைக்காரர் அதை விளம்பரத்தால் செய்யவில்லை. தை நடுவில் இரண்டு நாள் கடையை அடைத்தார். கண்ணாடிக் கதவு முழுக்க உள்பக்கம் செய்தித்தாள் ஒட்டினார். வெளியே ஒரு வெள்ளைத் தாளில் நான்கே வரி: கட்டட ஒப்பந்தம் முடிகிறது, பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, எனக்கும் வயதாகிவிட்டது, மாசிக் கடைசி நாளோடு கடை மூடப்படும். கீழே கையெழுத்து. அந்தச் சாலையில் போகிற வருகிற எல்லோரும் வண்டியை நிறுத்தி அதைப் படித்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் இவ்வளவு பேச்சு கிளம்பியிருக்காது.

அடைத்திருந்த இரண்டு நாளில் உள்ளே நடந்த வேலைதான் விற்பனையின் பாதி என்று நான் சொல்வேன். கிடங்கில் இருந்ததையெல்லாம் கடைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சீட்டு எழுதினார்கள். சீட்டில் பழைய விலை, எந்த வருடம் வந்த சரக்கு, என்ன மரம், எங்காவது கீறல் இருந்தால் அது எங்கே என்று எல்லாம் இருந்தது. பின்பக்கம் சிறிய எழுத்தில் கொள்முதல் விலை. அது எல்லோருக்கும் புரியாது. பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, ஒன்று முதல் பூஜ்யம் வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எழுத்தைக் குறிப்பது ஜவுளிக் கடைகளிலும் பர்னிச்சர் கடைகளிலும் பழைய வழக்கம். பேரம் பேசும்போது எது வரை இறங்கலாம் என்று விற்பனையாளருக்குத் தெரிய வேண்டும், வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது. இவர்கள் கடையின் சொல் என்ன என்று நான் ஓரளவு கண்டுபிடித்து உரிமையாளரிடமே சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து மற்ற கணக்குகளையும் பேச ஆரம்பித்தார். சொல்லை இங்கே எழுதமாட்டேன்.

கதவைத் திறந்தபோது முதல் மூன்று நாள் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். பழைய பில் புத்தகங்களில் இருந்து தொலைபேசி எண்களை எடுத்துச் செய்தி அனுப்பியிருந்தார்கள். என் மகன் அங்கே முன்பு கட்டில் வாங்கியவன் என்பதால் எங்களுக்கும் வந்தது. அந்த மூன்று நாளில் இன்னொரு கூட்டத்துக்கும் தனி மேசை போட்டிருந்தார்கள். மாதாமாதம் சீட்டு கட்டியவர்களும், ஆர்டருக்கு முன்பணம் கொடுத்தவர்களும் அங்கே வந்தார்கள். பொருள் வேண்டுமென்றால் அன்றைய தள்ளுபடி விலையில் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கட்டிய பணம் வங்கிக் கணக்குக்கு. மூடும் கடையில் தகராறு எங்கே தொடங்கும் என்று கேட்டால் சீட்டுப் பணத்தில் என்பேன். ‘என் பணம் என்ன ஆச்சு’ என்று நாலு பேர் வாசலில் நின்று கத்தினால் அடுத்த ஆறு வாரமும் கடைக்குள் யாரும் வரமாட்டார்கள். இவர் அதை முதல் மூன்று நாளிலேயே தீர்த்துவிட்டார். அங்கேயே ஒரு அம்மா சீட்டு முடிந்ததற்குப் பீரோ எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு கையில் இருந்து பணம் போட்டு டிரெஸ்ஸிங் டேபிளும் எடுத்ததைப் பார்த்தேன்.

இப்போது விலை. பெரும்பாலான மூடும் விற்பனைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பயத்தில் முதல் நாளே பாதி விலை என்று போட்டுவிடுவார்கள். கூட்டம் வரும், நல்ல பொருளை நாலு நாளில் அள்ளிக்கொண்டு போகும். மிச்சம் கிடப்பது யாரும் தொடாத சரக்கு. அதற்கு மேல் எதைக் குறைப்பது?

இங்கே வாசலில் ஒரு கரும்பலகை. முதல் இரண்டு வாரம் நூற்றுக்கு 20 தள்ளுபடி, அடுத்த இரண்டு வாரம் 30, ஐந்தாம் வாரம் 40, கடைசி வாரம் 50. எந்தத் தேதியில் எது என்று எழுதியே வைத்திருந்தார்கள். எனக்கு ஆச்சரியம். தேதியைச் சொல்லிவிட்டால் எல்லோரும் கடைசி வாரத்துக்குக் காத்திருக்கமாட்டார்களா? உரிமையாளரிடம் கேட்டேன். “அம்மா, இந்தத் தேக்கு ஊஞ்சல் ஒன்றுதான் இருக்கிறது. காத்திருக்கிறவர் காத்திருக்கட்டும், அடுத்தவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்” என்றார். ஊஞ்சல் இரண்டாம் நாளே போய்விட்டது. புதுச்சரக்கு வராது என்று ஊருக்குத் தெரிந்த பிறகு, ஒற்றைப் பொருளுக்குத் தானாகவே ஒரு அவசரம் வந்துவிடுகிறது. ஜவுளிக் கடையில் இது நடக்காது, அதே சேலை இன்னும் பத்து இருக்கும்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 100 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு 160 ரூபாய் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கடையில் வாடகை, போக்குவரத்து, பாலீஷ் எல்லாம் தாங்க அந்த அளவு வைப்போம். 20 தள்ளுபடியில் அது 128 ஆகிறது, 30-இல் 112, 40-இல் 96, 50-இல் 80. இருப்பில் பாதி முதல் கட்டத்திலேயே போய்விட்டால், நூற்றுக்கு முப்பது இரண்டாம் கட்டத்தில், பதினைந்து மூன்றாவதில், கடைசி ஐந்துதான் பாதி விலையில். எல்லாவற்றையும் கூட்டினால் 100 ரூபாய்ச் சரக்குக்குச் சராசரி 116 வருகிறது. முதல் நாளே பாதி விலை என்று போட்டவருக்கு வருவது 80. இரண்டு கடை வாசலிலும் கடைசியில் ‘50 சதவீதம்’ என்ற பலகைதான் தொங்குகிறது. ஒருவர் லாபத்தோடு போகிறார், இன்னொருவர் மனைவியின் நகையை விற்று மொத்த வியாபாரிக்குக் கடன் கட்டுகிறார்.

இதில் இன்னொரு நுணுக்கம், பலகையில் உள்ள விகிதம் எல்லாப் பொருளுக்கும் இல்லை. சீட்டில் மஞ்சள் ஒட்டு இருந்தால் பத்துதான் தள்ளுபடி, கடைசி வரைக்கும் அவ்வளவுதான். இரும்பு பீரோ, ஒற்றைக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி போன்றவை அதில் அடக்கம். எப்படியும் விற்கிற பொருளுக்கு எதற்காகக் குறைக்க வேண்டும்? சிவப்பு ஒட்டு இருந்தால் முதல் நாளிலிருந்தே பாதி விலை. மூன்று வருடத்துக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி ஷோகேஸ், தங்க நிறக் கால் வைத்த சோபா, இப்படி. கூட்டம் இருக்கும் முதல் வாரத்திலேயே அவை போய்விட வேண்டும், கூட்டம் கலைந்த பிறகு அவற்றைப் பார்க்க ஆள் வரமாட்டார்கள். சிவப்பு ஒட்டுப் பொருள்கள் வாசலுக்குப் பக்கத்தில் இல்லை, கடைசி மூலையில் இருந்தன. அதுவும் யோசித்துச் செய்ததுதான். பாதி விலையைத் தேடி உள்ளே போகிறவர் மற்ற எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும்.

தையில் தொடங்கியதும் நல்ல முடிவு. முகூர்த்த மாதம், பெண்ணுக்குச் சீர் கொடுக்கக் கட்டில், பீரோ, மெத்தை, டிரெஸ்ஸிங் டேபிள் என்று செட்டாக எடுக்கும் குடும்பங்கள் அப்போதுதான் வருவார்கள். ஆடியில் வைத்திருந்தால் ஊர் முழுக்கத் தள்ளுபடிப் பலகை தொங்கும்போது இவர் பலகையை யார் நின்று படிப்பார்கள்? கல்யாணக் குடும்பத்துக்கு விலையைவிடத் தேதி முக்கியம் என்பதால் அவர்கள் 20 தள்ளுபடியிலேயே சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் வாங்கியது ஆறு பேர் சாப்பிடும் தேக்கு மேசை, ஆறு நாற்காலிகளோடு. மூடும் கடையில் மரப்பொருள் வாங்குகிறவர்கள் மேல்பாகத்தைத் தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மேசையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள், சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அடிப்பக்கத்தில்தான் மரத்தின் உண்மை நிறம் தெரியும். பாலீஷ் போடாத இடத்தில் வெளிர் நிறப் பட்டை தெரிந்தால் அது மரத்தின் வெளிச்சுற்று, வண்டு முதலில் அதைத்தான் தேடிப் போகும். கால் சட்டத்தோடு சேரும் இடத்தில் மரத்துக்குள் மரம் போய் உட்கார்ந்திருக்கிறதா, வெறும் திருகாணியா என்று பாருங்கள். ரப்பர் மரத்தில் செய்த மேசையைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. மருந்து ஏற்றிப் பதப்படுத்தியிருந்தால் நன்றாகவே உழைக்கும், அதைத் தேக்கு விலைக்கு விற்காமல் இருந்தால் போதும். விரலால் தட்டும்போது நாற்காலிக் காலடியில் மாவு உதிர்ந்தால் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் ஓரத்தைத் தடவுங்கள், ஒருமுறை தண்ணீர் பட்டு உப்பியது திரும்பச் சரியாகாது.

இங்கே சீட்டில் தேக்கு என்று எழுதியிருந்தது தேக்குதான். ரப்பர் மரம் என்று எழுதியிருந்தது ரப்பர் மரம்தான். ஒரு மேசையில் ‘மேல் பலகை தேக்குத் தகடு ஒட்டியது, உள்ளே பிளைவுட்’ என்று எழுதியே வைத்திருந்தார்கள். இந்த நேர்மை வழக்கமாகக் கடை நடக்கும்போதே அரிது. பழைய விலையும் ஜோடித்த விலை இல்லை. என் மகன் முன்பு இதே கடையில் விசாரித்து விலையைக் குறித்து வைத்திருந்த டீப்பாய் இப்போதும் நின்றது. சீட்டில் இருந்த ‘பழைய விலை’ அவன் குறித்ததுதான், ஒரு ரூபாய் ஏற்றவில்லை.

பில் போடும்போது ஒரு சின்ன வாக்குவாதம். ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கப்படாது’ என்று ஒரு ரப்பர் முத்திரையைக் குத்தினார் அந்த இளைஞர். “தம்பி, மூடுகிற கடை, மாற்றித் தரமாட்டீர்கள், சரி. ஆனால் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடாவிட்டால் முப்பது நாள் கணக்கு” என்றேன். அவர் விழித்தார். உரிமையாளர் எழுந்து வந்து முத்திரை வாசகத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘குறை இருந்தால் மாசி 25 வரை’ என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாளிலிருந்து எல்லாப் பில்லிலும் அப்படியே எழுதச் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். நான் கேட்காவிட்டால் எழுதியிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் இந்தக் கடைக்காரருக்கு இருந்த தெளிவு நான் பார்த்த பல முதலாளிகளுக்குக் கிடையாது. மரச்சாமானுக்கு 2017 ஜூலையில் 28 சதவீதமாக இருந்த வரி, அந்த நவம்பரிலேயே 18 ஆனது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இது: கடையை மூடிப் பதிவை ரத்து செய்யும்போது கையில் மிச்சமிருக்கும் சரக்குக்கு வரி கட்ட வேண்டும். வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொண்ட வரி (இதைத்தான் வரி வரவு என்பார்கள்) ஒருபக்கம், அந்தச் சரக்கை இன்று விற்றால் வரக்கூடிய வரி மறுபக்கம், இரண்டில் எது அதிகமோ அது. பிறகு ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசிக் கணக்கையும் மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதாவது விற்காமல் கிடக்கும் சோபா சும்மா கிடக்கவில்லை, வரியும் கேட்கிறது. அதையே நஷ்டத்துக்கு விற்றால்? பில்லில் தள்ளுபடியைக் காட்டி விற்ற விலைக்கு வரி வசூலித்தால் போதும், வாங்கியபோது எடுத்த வரவைத் திருப்ப வேண்டாம். இலவசமாகத் தூக்கிக் கொடுத்தால் மட்டும் வரவைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். இதனால்தான் அங்கே ‘இலவசம்’ என்ற சொல்லே கண்ணில் படவில்லை. சாப்பாட்டு மேசையோடு ஒரு ஸ்டூல் சேர்த்துக் கொடுத்தார்கள், பில்லில் இரண்டும் சேர்ந்து ஒரே விலை என்று இருந்தது. பில் மேசையில் உட்கார்ந்து பழகிய எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு மரியாதை வந்தது.

வேலைக்காரர்கள் விஷயம். கடை மூடப்போகிறது என்று தெரிந்தால் நல்ல விற்பனையாளர்கள் முதல் வாரமே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு தற்காலிக ஆட்களை வைத்து, மகோகனிக்கும் வேங்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் விற்க வேண்டி வரும். இவர் அறிவிப்பை ஒட்டுவதற்கு முன்பே பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். கடைசி நாள் வரை நிற்பவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் இரண்டு மாதச் சம்பளம். பணிக்கொடை சட்டப்படி ஒவ்வொரு வருட வேலைக்கும் பதினைந்து நாள் கூலி, அதை முதல் வார வசூலில் இருந்தே தனிக் கணக்கில் போட்டுக் காட்டினார். பதினோரு பேர் நின்றார்கள். பாலீஷ் போடும் பெரியவரையும் கடைசி வரை வைத்திருந்தது அவருடைய கெட்டிக்காரத்தனம். கீறல் விழுந்த ஒரு டிரெஸ்ஸிங் டேபிளை 40 தள்ளுபடிக்குத் தள்ளாமல், அரை நாள் வேலையில் சரிசெய்து 20 தள்ளுபடியிலேயே விற்றுவிட்டார்கள். அந்தப் பெரியவரின் ஒரு நாள் கூலி அந்த ஒரு மேசையிலேயே வந்துவிட்டது.

இனி மெத்தை. மூன்றாவது வாரம் மருமகளோடு மெத்தை பார்க்கப் போனேன். முதல் வாரத்தில் ஏழெட்டு மெத்தைதான் இருந்த இடத்தில் இப்போது சுவரோடு சுவராக இருபதுக்கும் மேல் நின்றன. உறை மேல் ஒட்டியிருந்த தாளில் உற்பத்தி மாதத்தைப் பார்த்தேன். கடையை மூடுவதாக அறிவித்த பிறகு செய்த மெத்தைகள். வெளிச் சரக்கு என்று சொல்ல வேறு சாட்சி வேண்டுமா? விலையும் அப்படித்தான். மற்ற பொருளுக்கு இல்லாத ஒரு பெரிய ‘பழைய விலை’யை எழுதி, அதிலிருந்து 30 தள்ளுபடி. ஸ்பாஞ்சின் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டால் பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை, உறையிலும் எழுதவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள் அம்மா என்று மட்டும் கோபமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான், பாவம்.

உரிமையாளர் மறைக்கவில்லை. மொத்த வியாபாரி ஒருவர் வந்து, உங்கள் கூட்டத்தில் என் சரக்கை வைத்துக்கொள்ளுங்கள், விற்றதில் பங்கு தருகிறேன், விற்காததை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். சோபாவுக்கு வந்தபோது மறுத்தவர் மெத்தைக்குச் சம்மதித்துவிட்டார். கட்டில் வாங்குகிறவர்கள் மெத்தையும் கேட்கிறார்கள், இல்லை என்றால் கட்டிலையும் வேறு கடையில் எடுத்துவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். வியாபார ரீதியில் அது பொய்யில்லை. ஆனாலும் வாசலில் கையெழுத்துப் போட்டு ஒட்டிய தாளின் மேல்தானே மற்ற எல்லாம் நின்றது? அமெரிக்காவில் சில மாநிலங்களில் கடை மூடும் விற்பனைக்கு உரிமம் வாங்கி, இருப்புப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், அதன்பின் புதுச்சரக்கு இறக்கக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. நம்மிடமும் தவறான விளம்பரத்தைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகள் கொண்டுவந்தது. ‘வெளிச் சரக்கு’ என்று ஒரு தனிச் சீட்டு ஒட்டியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த மெத்தைகளில் அவருக்குக் கிடைத்த பங்கு பெரிய தொகையும் இல்லை என்று அவரே சொன்னார்.

வீட்டில் இறக்கும் வேலை இன்னொரு குறை. மூன்று நாளில் வரும் என்றார்கள், ஒரு வாரம் கழித்து இரவு ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. கடையின் சொந்த வண்டியை இரண்டாம் வாரமே விற்றுவிட்டார்களாம். நல்ல விலை வந்தது என்று விற்றிருக்கிறார்கள், விற்ற சாமானை யார் கொண்டு போவார் என்று யோசிக்கவில்லை. வாடகை வண்டிக்காரர் மாடி ஏற்றக் கூலி தனி என்று வாசலிலேயே பேச்சை ஆரம்பித்தார். முதல் மாடிக்கு எண்ணூறு ரூபாய். பில்லில் ‘இறக்குகூலி உட்பட’ என்று இருந்ததைக் காட்டிக் கடைக்குத் தொலைபேசியில் பேசிய பிறகு இருநூறில் முடிந்தது. ஒரு நாற்காலியின் கால் லேசாக ஆடியது. பாலீஷ் பெரியவர் மறுநாளே வந்து சரிசெய்து கொடுத்தார், அதற்காகத்தான் இரண்டரை.

கடைசி வாரம் கடை கடையாக இல்லை. வெளியூர்ப் பழைய சாமான் வியாபாரிகள் வந்து, மிச்சத்தை மொத்தமாகப் போட்டு ஒரு விலை சொல்லுங்கள் என்று நின்றார்கள். அவர்கள் கேட்டது கொள்முதலில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது வாரத்திலேயே இதே ஆட்கள் வந்து இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள், அப்போது கொடுத்திருந்தால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்திருக்கும். கடைசி மூன்று நாள் வரை சில்லறையிலேயே விற்றுவிட்டு, தள்ளிவிட முடியாத பத்துப் பன்னிரண்டு உருப்படிகளை மட்டும் அவர்களிடம் கொடுத்தார். வரிக் கணக்கில் மிச்சம் என்று எதுவும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

கடைச் சாமான்களுக்கும் முதல் நாளே சீட்டு ஒட்டியிருந்தார்கள்: அலமாரிகள், ஏசி, சுவர்க் கடிகாரம், சாமான் தள்ளும் வண்டி, பில் மேசை. பணம் இப்போது, பொருள் கடைசி நாளில். ஏசியை ஒரு கல்யாண மண்டபக்காரர் எடுத்தார். பில் மேசையை நான் கேட்டேன், முன்பே யாரோ பணம் கட்டிவிட்டிருந்தார்கள்.

லாபம் வந்ததா என்று நேரடியாகவே கேட்டேன். வாடகை, சம்பளம், இரண்டு மாத ஊக்கத்தொகை, விளம்பரம் எல்லாம் போக, கொள்முதலுக்கு மேல் நூற்றுக்கு எட்டு ஒன்பது நின்றதாகச் சொன்னார். மொத்த வியாபாரிகளின் பாக்கி முழுவதையும் தீர்த்துவிட்டாராம். கடை நன்றாக நடந்த சில வருடங்களில்கூட இவ்வளவு ரொக்கத்தை ஒன்றாகப் பார்த்ததில்லை என்றார், அதில் பெருமையைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது.

மேசை வீட்டில் நன்றாக இருக்கிறது. மெத்தையை வேறு கடையில் வாங்கினோம், உறையில் அடர்த்தியும் தேதியும் எழுதியிருந்தது, விலையும் ஆயிரத்து இருநூறு ரூபாய் குறைவு.